மலைச்சரிவில் முன்வார்ப்பு வீடுகள்: தொழிற்சாலைக்கும் அத்திவாரத்துக்கும் இடையில் நிகழும் தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மேற்பார்வை செய்த வேலையில், கீழ்நாட்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் கொங்கிரீட் பெனலைக் கிரேன் மெல்ல இறக்கியபோது, அத்திவாரத்தில் நட்டிருந்த போல்ட்டுகளும் பெனலின் அடித்தகட்டுத் துளைகளும் ஒரு விரலகலம் விலகி நின்றன. மேசன் தன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த வரைபடத்தை எடுத்துக் காட்டினார். அவர் அதன்படிதான் கட்டியிருந்தார். தொழிற்சாலையோ அதற்குப் பிறகு திருத்தப்பட்ட வரைபடத்தின்படி வார்த்திருந்தது. இரண்டு நாள் கிரேன் வாடகை வீணானது மட்டுமல்ல, எங்கள் லொறி ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய அகலமுள்ள தோட்ட ரோட்டை அடைத்து நின்றதால் கொழுந்து லொறியும் மேலே போக முடியாமல் நின்றது.

செங்கல்லும் சாந்தும் கொண்டு கட்டும்போது இத்தகைய விலகலை மேசன் தன் கையாலேயே சரிசெய்துவிடுவார். சுவர்ப் பெனல்களைத் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும் முன்வார்ப்பு முறை, தளத்தில் செய்யும் வேலையைக் குறைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் திருத்திக்கொள்ளும் வாய்ப்பையும் அதே அளவுக்குக் குறைத்துவிடுகிறது. ஆகவே, தொழிற்சாலை, லொறிக்காரர், அத்திவாரம் இடுபவர், பொருத்தும் குழு, தோட்ட நிர்வாகம் ஆகியோரைத் தனித்தனிக் கொந்தராத்துகளாகப் பிரித்துவிட்டு, பொருள் வந்து சேரும் நாளில்தான் முதன்முறையாகச் சந்திக்க வைப்பதே எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று நான் கருதுகிறேன். வரைபடத்தைத் திருத்தும் அதிகாரம் ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். திருத்தியவுடன் பழைய பிரதிகளைத் திரும்பப் பெற வேண்டும். இவற்றை விடவும் எளிய வழி, துளைகளின் இடத்தைக் காட்டும் இரும்புத் தகடொன்றைத் தொழிற்சாலையே செய்து அனுப்புவதும், மேசன் அதை வைத்து போல்ட்டுகளை நடுவதும் ஆகும். அதன் பிறகு நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

அடுத்த தவறு, ரோட்டைப் பார்க்காமல் பெனலின் அளவைத் தீர்மானிப்பது. மூன்று மீற்றர் நீளமும் இரண்டரை மீற்றர் உயரமும் 100 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள சாதாரண கொங்கிரீட் பெனல் ஏறக்குறைய 1.8 தொன் எடை வரும். தொழிற்சாலைக்குப் பெரிய பெனல்களை வார்ப்பதே இலாபம், ஏனெனில் அச்சுகளின் எண்ணிக்கையும் மூட்டுகளின் எண்ணிக்கையும் குறையும். ஆனால் அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை வழியாக ஹட்டன் வரை சிரமமின்றி வந்துவிடும் லொறி, பிரதான வீதியிலிருந்து தோட்டத்துக்குள் திரும்பும் முதல் முடக்கிலேயே நின்றுவிடக்கூடும். வழியிலுள்ள பாலம் எவ்வளவு பாரம் தாங்கும், முடக்கில் லொறியின் பின்பகுதி மண்மேட்டில் இடிக்குமா, கிரேன் தன் கால்களை ஊன்றிக்கொள்ளச் சமதரை இருக்கிறதா என்பதை வரைபடம் முடிவாவதற்கு முன்பே சாரதியும் கிரேன் இயக்குநரும் நடந்து சென்று பார்க்க வேண்டும். கிரேனின் கை நீள நீள அது தூக்கக்கூடிய எடை குறையும் என்பதால், மேட்டின் ஓரத்தில் நின்றுகொண்டு கீழ்ப்படியிலுள்ள வீட்டுக்குப் பெனல் இறக்க வேண்டிய நமது சரிவுகளில், விவரப் பட்டியலில் அச்சிட்டிருக்கும் தொன் கணக்கை நம்பி வாடகைக்கு எடுப்பது ஆபத்தானது. சில இடங்களில் பாரமான பெனலைக் கைவிட்டு, நால்வர் தூக்கக்கூடிய சிறு துண்டுகளையோ மெல்லிய உருக்குச் சட்டகத்தையோ தேர்வதே அறிவுடைமை.

வீடொன்றுக்குரிய ஏழு பேர்ச்சஸ் அளவிலான சிறு காணியில் பொருளைக் குவித்து வைக்க இடமிருக்காது. முதலில் பொருத்த வேண்டிய பெனல் லொறியில் கடைசியாக ஏற்றப்பட வேண்டும். இதைத் தொழிற்சாலையின் ஏற்றுக் குழுவுக்கு எழுதிக் கொடுக்காவிட்டால் அவர்கள் தங்கள் வசதிப்படியே ஏற்றுவார்கள்.

காலக்கணக்கிலும் நாம் கீழ்நாட்டு அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். ஹட்டன், நுவரெலியா பக்கம் தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை பெய்யும். பதுளைப் பக்கத்துக்கு டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகீழ்ப் பருவமழையே முக்கியமானது. இவற்றுக்கிடையே ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் எங்கும் கனமழை பெய்வதுண்டு. பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் உயிர்களைப் பறித்த மண்சரிவு 2014 ஒக்டோபர் 29 அன்று நிகழ்ந்ததை மலையகம் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எந்த நிலை மண்சரிவு எச்சரிக்கை விடுத்தால் லொறிகள் புறப்படக்கூடாது, அந்த நாட்களின் வாடகையை யார் ஏற்பது என்பவை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இல்லையெனில் இழப்புக்கு அஞ்சி யாரோ ஒருவர் லொறியை அனுப்பிவிடுவார். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் இருப்பதால், மூட்டுகளில் ஊற்றும் சாந்து கொழும்பில் இறுகும் வேகத்தில் இங்கே இறுகாது; முட்டுக்கால்களை எடுக்கும் நாளும் அதற்கேற்பத் தள்ளிப்போகும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தளத்தில் முடிந்த வேலையை அளந்தே பணம் கொடுப்பது நமது வழக்கம். முன்வார்ப்பில் செலவின் பெரும்பகுதி அச்சுக்கும் கம்பிக்கும் சீமெந்துக்குமாகத் தொழிற்சாலையில் முன்பே கரைந்துவிடுகிறது. வார்த்து முடித்த பெனல்களைத் தொழிற்சாலையிலேயே பரிசோதித்து, காப்புறுதியும் உரிமைப் பத்திரமும் பெற்றுக்கொண்டு ஒரு பங்கை அங்கேயே கொடுக்காவிட்டால், தொழிற்சாலை நம் வேலையை ஓரங்கட்டிவிட்டு உடனே பணம் தருபவரின் வேலையை எடுக்கும். அதைத் துரோகம் என்று திட்டுவது நியாயமல்ல.

இவையெல்லாம் ஒழுங்காக நடந்தாலும், குடியிருக்கப் போகிறவர்களிடம் கேட்காமல் வார்த்துவிடும் தவறு மிஞ்சுகிறது. 2016இல் வடக்கு, கிழக்குக்கென முன்மொழியப்பட்ட 65,000 உருக்கு வீடுகள் அந்தப் பகுதியின் வெப்பத்துக்கும் வாழ்க்கைக்கும் பொருந்தாதவை என்று கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. இங்கே வெப்பம் அல்ல, அடுப்பே பிரச்சினை. தோட்டக் குடும்பங்களில் பலர் இன்றும் விறகு அடுப்பில்தான் சமைக்கிறார்கள். ஒரு வீட்டில் குடியேறிய மாதமே அம்மா ஒருவர் புகை போக வழியில்லாமல் சமையலறைச் சுவரை உளியால் உடைக்கத் தொடங்கியிருந்தார். உள்ளிருந்த கம்பி வெளியே தெரிந்தது. புகைபோக்கித் துளையை வார்க்கும்போதே விட்டிருந்தால் அதற்குத் தனிச் செலவே இல்லை. பிள்ளைகள் வளர்ந்ததும் ஓர் அறை கூட்டிக் கட்டுவார்கள் என்பதும் தெரிந்த விடயம்தான். எந்தச் சுவரைத் திறக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று காட்டும் தமிழ் வரைபடமொன்றைத் திறப்போடு சேர்த்து வீட்டுக்காரரின் கையில் கொடுக்க வேண்டும்.