ஓடாத தண்ணீரில் மிட்ஜ் தூண்டில்: கொழும்பில் ஃபிளை ஃபிஷிங் தொடங்குபவர்களுக்கு

ஃபிளை ஃபிஷிங் என்றதும் மலையாற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று லைனைச் சுழற்றுகிற ஆள்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். கொழும்பில் அதற்கு இடமில்லை. எங்களிடம் இருப்பது தியவன்னா, பொல்கொட, புறநகர்க் குளங்கள் என்று ஓடாத தண்ணீர்தான். அதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. மிட்ஜ் என்கிற சின்னப் பூச்சியைப் போல முள்ளில் நூல் சுற்றிக் கட்டிய செயற்கை இரையை, அதாவது ஃபிளையை, ஒரு மிதப்பின் கீழே தொங்கவிட்டுப் பேசாமல் இருப்பது. தூரமாக எறியத் தெரியாதவரும் முதல் மாதத்திலேயே இதில் மீன் எடுக்கலாம். ஆழத்தைச் சரியாக வைப்பதும் கையை அடக்கி வைப்பதும்தான் இதில் கெட்டித்தனம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா ஏரிகளில் ட்ரவுட் பிடிப்பவர்களிடம் இந்த முறை நல்ல பெயர் பெற்றது. ட்ரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷார் அதைக் கொண்டுவந்து விட்டது நுவரெலியாப் பக்கத்து நீர்களில்தான். கொழும்புத் தண்ணீரில் அது பிழைக்காது. இங்கே எங்கள் மீன் திலாப்பியா. 1952இல் இலங்கைக்கு வந்து இன்று குளம் குளமாக நிறைந்திருக்கிற அதே மீன். பாசியும் சேற்றுக் கழிவும் தின்றுகொண்டு திரியும், கூடவே மிட்ஜ் புழுவையும் விடாது. கரையில் பாண் மா உருண்டையோடு இருக்கும் அண்ணைமார் உங்கள் றொட்டைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பூச்சியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பின்னேரத்தில் குளக்கரை லைற்றைச் சுற்றிப் புகை மாதிரி மொய்க்கும் பூச்சிகளை நுளம்பு என்று நினைத்து அடித்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பகுதி கடிக்காத மிட்ஜ். பார்த்தவுடன் பிரித்தறிய இரண்டு வழி உண்டு. மிட்ஜுக்கு இரத்தம் குடிக்கும் நீண்ட ஊசி வாய் இல்லை. சுவரில் இருக்கும்போது அது முன்காலைத் தூக்கி வைத்திருக்கும். நுளம்பு பின்காலைத் தூக்கும்.

மீனுக்கு முக்கியம் இதன் தண்ணீருக்கடி வாழ்க்கை. முட்டையிலிருந்து வரும் புழு அடிச்சேற்றில் சின்னக் குழாய் கட்டிக்கொண்டு இருக்கும். பல இனங்களில் அந்தப் புழு இரத்தச் சிவப்பு. ஹீமோகுளோபின் இருப்பதால்தான் அந்த நிறம். ஒட்சிசன் குறைந்த சேற்றில் அது உயிர் வாழ்வதும் அதனால்தான். பிறகு அது கூட்டுப்புழுவாகி, தோலுக்குள் வாயு சேர்ந்து, மெல்ல மெல்ல மேலே எழும். தலைப்பக்கம் வெள்ளை வெள்ளையாகச் செவுள் இழைகள் தெரியும். மேற்பரப்புக்கு வந்து தோல் வெடித்து, இறக்கையோடு பறந்துவிடும்.

இந்த மேலேறும் பயணம் மிக மெதுவானது. பாதி வழியில் அது கிட்டத்தட்டச் சும்மா தொங்கிக்கொண்டே இருக்கும். மீனும் துரத்திப் போகாமல், தன் ஆழத்துக்கு வருவதை வாயைத் திறந்து உறிஞ்சிக்கொள்கிறது. உங்கள் ஃபிளை மீன் நிற்கும் ஆழத்தில் இல்லையென்றால் வேறு எது சரியாக இருந்தும் பிரயோசனமில்லை. ஆழத்தைப் பற்றிக் கீழே நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

எங்கே போகலாம்

பேரே வாவி வேண்டாம். பச்சையாகப் பூத்துக் கிடக்கும் அந்தத் தண்ணீரில் பிடித்த மீனைத் தின்னவும் முடியாது, கையை நனைக்கவும் மனம் வராது. அங்கே மீன்பிடியைக் கூழைக்கடாக்களுக்கே விட்டுவிடலாம். பெல்லன்வில – அத்திடிய சரணாலயம்; தூண்டிலோடு அந்தப் பக்கம் போகக் கூடாது. தியவன்னாக் கரையில் பாராளுமன்றத்தை ஒட்டிய பகுதிகளில் காவலர் எழும்பச் சொன்னால் வாதாடாமல் எழும்புங்கள்.

தொடங்குபவருக்கு என் தெரிவு, காசு கட்டி மீன் பிடிக்க விடும் தனியார் குளம். ஆழம் குறைவு, மீன் உறுதி, பின்னால் மரம் இல்லாத கரையாகப் பார்த்து நிற்கலாம். கை பழகிய பிறகு பொல்கொட. அங்கே படகு எடுத்தால் ஆழம் பார்ப்பது சுகம். ஆனால் பொல்கொடவில் முதலை உண்டு. படத்தில் பார்த்ததுபோல இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்கும் ஆசையை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். எந்தத் தண்ணீரானாலும் அதற்குப் பொறுப்பானவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு றொட்டை விரியுங்கள்.

சாமான்

9 அடி நீளம், 5ஆம் நம்பர் றொட். அதே நம்பர் றீல், மிதக்கும் லைன். இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். கொழும்புக் கடைகளில் கடல் தூண்டில் சாமானே அதிகம், ஃபிளை றொட் கிடைப்பது அரிது. ஆனால் வெளிநாட்டில் ஒரு மச்சானோ சித்தியோ இல்லாத குடும்பம் எங்களில் எத்தனை? நான்கு துண்டாகக் கழற்றும் றொட்டாகச் சொல்லிவிட்டால் சூட்கேசுக்குள் அடங்கும்.

சாதாரணத் தூண்டிலில் ஈயத்தின் பாரம் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். ஃபிளையில் பாரம் லைனிலேயே இருக்கிறது, லைன்தான் ஃபிளையைக் கொண்டுபோகிறது. அந்தத் தடித்த லைன் நுனியில் 9 அடி லீடர், அதாவது நுனிக்குப் போகப் போக மெலியும் தங்கூசி. அதன் நுனியில் 4எக்ஸ் டிப்பெட், அதாவது ஏறக்குறைய 0.18 மில்லிமீற்றர் தங்கூசி. அடுத்தது மிதப்பு. ஸ்ட்ரைக் இன்டிகேட்டர் என்று விற்பார்கள். சின்ன உருண்டையாக, லீடரில் மேலும் கீழும் நகர்த்திப் பூட்டக்கூடியதாக வாங்குங்கள். ஒரு ரூபாய்க் குற்றியை விடப் பெரிதாக வேண்டாம். பெரிய மிதப்பை இழுக்கும்போது மீனுக்குப் பாரம் தெரிந்துவிடும், துப்பிவிடும்.

இவற்றோடு ஆஸ்பத்திரிக் கத்தரி மாதிரி இருக்கும் ஃபோர்செப்ஸ் ஒன்று, போலரைஸ்ட் கண்ணாடி, தொப்பி. கண்ணாடி வெயிலுக்கு மட்டுமல்ல. பின்னாலிருந்து பறந்து வரும் முள் கண்ணில் படாமலிருக்கவும் அதுதான் காவல்.

ஃபிளை கட்டுவது

கடையில் வாங்கலாம். ஆனால் மிட்ஜைவிட இலகுவாகக் கட்டக்கூடிய ஃபிளை இல்லை, சாமான் முழுவதும் புறக்கோட்டையில் கிடைக்கும். சிவப்புப் பொலியெஸ்டர் நூல், சாரி வேலைப்பாட்டுக்கு விற்கும் 2 மில்லிமீற்றர் அளவு கண்ணாடி மணி, பழைய மோட்டரிலிருந்து உரித்த மயிர் போன்ற செப்புக் கம்பி, நகப்பூச்சு. முள் 14ஆம் நம்பர். நம்பர் கூடக் கூட முள் சிறிதாகும். திலாப்பியாவின் வாய் சிறியது, 10ஐ எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

முதலில் முள்ளின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்குங்கள். அப்போதுதான் மணி ஏறும். பிறகு மீனை விடுவதும் சுலபம், உங்கள் விரலில் ஏறினாலும் கழற்றலாம். மணியைக் கண் பக்கம் தள்ளி, முள்ளை வைஸில், அதாவது முள்ளை அசையாமல் பிடிக்கும் சின்னக் கவ்வியில், பூட்டுங்கள். மணிக்குப் பின்னால் நூலைச் சுற்றத் தொடங்கி, செப்புக் கம்பியையும் சேர்த்துக் கட்டியபடி வளைவு வரை போங்கள். நூலை மட்டும் திரும்ப மணி வரை கொண்டுவாருங்கள். உடல் வளைவுப் பக்கம் மெல்லியதாகவும் மணிப் பக்கம் சற்றுத் தடிப்பாகவும் வர வேண்டும். பிறகு கம்பியை இடைவெளி விட்டு ஐந்தாறு சுற்றுச் சுற்றி மணியடியில் கட்டி வெட்டுங்கள். நூலை முடிச்சிட்டு நகப்பூச்சு ஒரு துளி.

இது அடிச்சேற்றுப் புழு. கறுப்பு நூலில் வெள்ளிக் கம்பி சுற்றி, மணிக்கு முன்னால் வெள்ளைக் கம்பளி நூல் துளி ஒன்று வைத்தால் அது மேலேறும் கூட்டுப்புழு. சிவப்பில் ஆறு, கறுப்பில் ஆறு கட்டிக்கொண்டு கரைக்குப் போகலாம். எந்த நிறம் என்று சந்தேகம் வந்தால், காலையில் குளக்கரை விளக்குக் கம்பத்துச் சிலந்தி வலையைப் பாருங்கள். முந்தின இரவு பறந்த பூச்சியின் அளவும் நிறமும் அதில் அப்படியே சிக்கிக் கிடக்கும்.

கோர்ப்பது, ஆழம் பார்ப்பது

ஃபிளையை இறுக்க முடிச்சில் கட்டாமல் வளைய முடிச்சில் கட்டுங்கள். டிப்பெட்டில் நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு தளர் முடிச்சு. நுனியை முள்ளின் கண்ணுக்குள் விட்டு, அதே தளர் முடிச்சு வழியாகத் திரும்பக் கொண்டுவந்து, மேல் தங்கூசியைச் சுற்றி நான்கு சுற்று. மறுபடி தளர் முடிச்சுக்குள் விட்டு, எச்சிலால் நனைத்து இழுங்கள். சின்ன வளையம் மிஞ்சும், ஃபிளை அதில் ஆடிக்கொண்டு தொங்கும். காய்ந்த தங்கூசியை இழுத்து இறுக்கினால் சூடேறிப் பலம் போய்விடும்.

இனி ஆழம். படகிலோ மரப்பாலத்திலோ இருந்தால், ஃபிளையில் ஃபோர்செப்ஸைக் கொளுவி நேர்கீழே இறக்குங்கள். அடி தட்டியதும் லைன் தொய்யும். தண்ணீர் மட்டத்துக்கு வரும் இடத்தில் லீடரைப் பிடித்து, அதிலிருந்து ஒரு அடி ஃபிளைப் பக்கமாக மிதப்பைப் பூட்டுங்கள். ஐந்தடித் தண்ணீரில் மிதப்புக்கும் ஃபிளைக்கும் இடையில் நாலடி. ஃபிளை இப்போது சேற்றுக்கு ஒரு அடி மேலே தொங்கும். ஃபோர்செப்ஸைக் கழற்ற மறக்க வேண்டாம்.

கரையிலிருந்து எறிவதானால் இப்படி நேரே இறக்க முடியாது. மூன்றடியில் தொடங்கி, எறிந்து பார்த்து, அரையடி அரையடியாகக் கூட்டுங்கள். ஃபிளை பாசியோ சேறோ கொண்டுவந்தால் அடியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து ஒரு அடி குறையுங்கள். கால் மணி நேரம் எதுவும் தொடவில்லையென்றால் ஃபிளையை மாற்றாதீர்கள், ஆழத்தை மாற்றுங்கள். தொடக்கக்காரர் எல்லோரும் நிறம் நிறமாக மாற்றிக்கொண்டிருப்பார்கள். அரையடி மேலே ஏற்றினால் வேலை முடிகிற இடத்தில் டப்பா முழுக்கக் காலியாகும்.

எறிவது

முள் இல்லாமல், கம்பளி நூல் துண்டு ஒன்றைக் கட்டி, சுதந்திர சதுக்கப் புல்லில் விடியப் போய்ப் பழகுங்கள். காலிமுகத்திடலில் பின்னேரக் கடற்காற்றில் பழகுவது அடுத்த வகுப்பு. பட்டம் விடும் பிள்ளைகளுக்குத் தள்ளி நில்லுங்கள்.

மணிக்கூட்டு முகத்தில் 10க்கும் 2க்கும் இடையில் மட்டும் றொட் போய்வர வேண்டும். பின்னால் கொண்டுபோனதும் நிறுத்தி, லைன் விரிய நேரம் கொடுத்து, பிறகு முன்னால். மிதப்போடு எறியும்போது இதைவிடவும் மெதுவாக, அகலமான வளைவாக எறியுங்கள். விசுக்கினால் லீடர் மிதப்பில் சுற்றிச் சடை பிடித்துவிடும். ஒரே ஒரு பின்வீச்சு, பிறகு போட்டுவிடுங்கள். பின்னால் மரம் இருந்தால் றோல் காஸ்ட், அதாவது லைனைப் பின்னால் வீசாமல் தண்ணீர் மேலேயே முன்னால் உருட்டி விடுவது. அதைத் தண்ணீரில்தான் பழக முடியும், ஏனெனில் லைனைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால்தான் றொட் வளையும்.

வலக்கைக்காரர் காற்று இடப்பக்கத்திலிருந்து வரும்படி நில்லுங்கள். வலப்பக்கக் காற்று முள்ளை உங்கள் காதுக்கே கொண்டுவரும். தண்ணீரில் சிறு அலை எழும்பினால் நல்லது: மிதப்பு அலையில் ஏறி இறங்க, கீழே ஃபிளையும் உயிருள்ளதுபோல் ஏறி இறங்கும்.

ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி கேட்டால் உடனே றொட்டைக் கீழே வைத்துக் கூரையுள்ள இடத்துக்குப் போங்கள். கார்பன் றொட் மின்சாரம் கடத்தும்.

சும்மா இருப்பது, பிறகு தூக்குவது

எறிந்தபின் லைன் தொய்வை மட்டும் இழுத்து எடுங்கள். றொட் நுனி தண்ணீரை ஒட்டி இருக்கட்டும். இரண்டு நிமிடம் ஒன்றும் செய்யாதீர்கள். பிறகு நாலு விரற்கடை இழுத்து, மறுபடி விடுங்கள். ஃபிளை மெல்ல எழும்பி இறங்கும், பல கடிகள் அந்த இறக்கத்தில்தான்.

மிதப்பு தாழும்வரை காத்திருந்தால் பாதி மீன் போய்விடும். சரிந்து படுத்தாலும், அலைக்கு எதிராக நின்றாலும், பக்கவாட்டில் நகர்ந்தாலும் மீன்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டி இழுக்க வேண்டாம். றொட்டை ஒரு அடி சீராக உயர்த்தினால் சின்ன முள் தானே ஏறும். கரையோரம் திலாப்பியா தெரிந்தும் ஒன்றும் எடுக்கவில்லையென்றால் மனம் தளராதீர்கள். மொசாம்பிக் திலாப்பியாவில் தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும். அந்த நாட்களில் அது இரையெடுக்காது. கொஞ்சம் ஆழமான பக்கம் எறிந்து பாருங்கள்.

மீனைத் தூக்கும்போது கையை நனைத்து, தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவி முதுகு முள்ளை மடக்கிப் பிடியுங்கள்; இல்லையென்றால் உள்ளங்கையில் ஏறும். சமையலுக்கு வைக்கும் முதல் மீனின் குடலைத் திறந்து பாருங்கள். உள்ளே சிவப்புப் புழு இருந்தால் சிவப்பு ஃபிளையை அடியோடு வைத்துத் தொடருங்கள். கறுத்த கூட்டுப்புழு இருந்தால் கறுப்பு, அரைத் தண்ணீரில். பிடித்த திலாப்பியாவை வேறொரு குளத்தில் விட வேண்டாம், அங்கிருக்கும் எங்கள் சொந்த மீன்களுக்கு அது இடம் விடாது.

விடுமுறைக்கு நானுஓயா ரயிலில் மேலே போகிறவர்கள் இதே றொட்டைக் கொண்டுபோகலாம். ட்ரவுட் இருக்கும் நீரானால் அனுமதியை முதலே எடுத்துவிடுங்கள். டிப்பெட்டை இன்னும் மெல்லிய 5எக்ஸாக்கி, கறுப்பு ஃபிளையில் 16ஆம் நம்பரும் நாலைந்து கட்டி வையுங்கள். ஆழம் றொட்டின் நீளத்தைத் தாண்டினால் பூட்டிய மிதப்போடு மீனைக் கரைசேர்க்க முடியாது. இழுத்தவுடன் கழன்று வழுக்கும் வகை மிதப்பு ஒன்றையும் மச்சானிடம் சொல்லி வையுங்கள்.