கொலார்ட் கீரை நிறைய வெளஞ்சிருச்சா? பிரீசர்ல போட்டு வைக்கிற விதம் (மலைநாட்டு கணக்குல)

கொலார்ட்னா தலை உருளாத கோவாதாங்க, இலை இலையா விரிஞ்சுகிட்டே போகும், நுவரெலியா, கந்தப்பளை, ராகலை பக்கத்து குளிருக்கு நல்லா வரும். வந்தா எல்லாம் ஒண்ணா வந்து நிக்கும், அக்கம்பக்கம் குடுத்தும் மிஞ்சும், சும்மா பிரிஜ்ஜுல வச்சா கொஞ்ச நாள்ல மஞ்சளடிச்சு போயிரும். அதனால பிரீசர். கேல் (இதே கோவா குடும்பத்துக் கீரை) போட்டிருக்கவங்களும் இதையே செய்யலாம், கொதிக்க விடுற நேரம் மட்டும் 1 நிமிஷம் கம்மி.

முதல்ல ஒடிக்கிறது. வெயில் ஏற முன்ன ஒடிங்க, அடி இலையில இருந்து மேல போங்க, நடுக்குருத்த மட்டும் தொடாதீங்க, அது இருந்தாதான் செடி திரும்ப துளிர்க்கும். தை மாசத்துல புல்லு வெள்ளையா உறைஞ்சு கிடக்குமே, அந்த குளிர் பட்ட இலைக்கு இனிப்பு கூட, பத்திரப்படுத்த அதுதான் நல்லது. மருந்து அடிச்சிருந்தா போத்தல்ல போட்டிருக்க நாள் கணக்கு முடியட்டும், கழுவினா போயிரும்னு நெனச்சு அவசரப்படாதீங்க.

கழுவுறப்போ இலைய திருப்பி பாருங்க. அடிப்பக்கம் நரம்பு ஓரமா சாம்பல் தூவின மாதிரி பூச்சி அப்பியிருக்கும், பச்சை புழுவும் நரம்போட நரம்பா ஒட்டி படுத்திருக்கும், சட்டுன்னு கண்ணுக்கே தெரியாது. பேசின்ல உப்புத்தண்ணி போட்டு கொஞ்ச நேரம் ஊற விட்டா மிதந்து வரும், அப்புறம் பீலித் தண்ணியில ரெண்டு மூணு தரம் அலசுங்க, மண்ணு போக.

நடுத்தண்டு தடியா இருக்கும், இலைய ரெண்டா மடிச்சு தண்ட ஒரே இழுப்புல சீவி எடுத்துருங்க. தண்ட வீசாதீங்க, பொடியா வெட்டி தனி பேக். இலைய ஒரு அங்குல அகலத்துக்கு வெட்டினா போதும், ரொம்ப பொடியா வெட்டினா கொதிதண்ணியில சாரமெல்லாம் போயிரும்.

இனிதான் முக்கியமான வேலை, கொதிதண்ணியில போட்டு எடுக்கிறது. சில பேர் பச்சையாவே கட்டி உள்ள தள்ளுறாங்க, கொஞ்ச மாசத்துல நிறம் மங்கி காய்ஞ்ச புல்லு வாடை அடிக்கும். இலைக்குள்ள இருக்க என்சைம் (இலைய முத்தி கெட வைக்கிற இயற்கைப் பொருள்) பிரீசர்லயும் மெதுவா வேலை செஞ்சுகிட்டுதான் இருக்கும், சூடு பட்டாதான் அடங்கும். அரைகுறையா சூடு காட்டினா இன்னும் மோசம், அது அடங்குறதுக்கு பதிலா கிளம்பிரும்.

அமெரிக்காக்காரங்க குறிப்புல கொலார்டுக்கு 3 நிமிஷம்னு இருக்கும். அத அப்படியே நுவரெலியாவுல செய்யாதீங்க. நம்ம ஊரு 6000 அடிக்கு மேல, இங்க தண்ணி 100 டிகிரிக்கு போகாது, 94 கிட்டயே கொதிச்சிரும், பார்க்க தளதளன்னு இருக்கும் ஆனா சூடு கம்மி, பருப்பு வேக நேரம் எடுக்கிறது உங்களுக்கே தெரியும். 5000 அடிக்கு மேல இருக்கவங்க 1 நிமிஷம் கூட்டணும், அதாவது கொலார்டுக்கு 4, கேலுக்கு 3. ஹட்டன், பண்டாரவளை எல்லாம் 5000க்கு கீழதான், அங்க 3 நிமிஷமே சரி.

இருக்கதுல பெரிய சட்டியா எடுங்க, ஒரு இறாத்தல் இலைக்கு 7, 8 லீட்டர் தண்ணி வேணும். இலைய போட்டதும் கொதி அடங்கும், திரும்ப கொதிச்ச நேரத்துல இருந்துதான் எண்ணணும், ஒரு நிமிஷத்துக்குள்ள திரும்ப கொதிக்கலன்னா இலை கூடிப்போச்சுன்னு அர்த்தம். மூடி போடுங்க. தண்ணிய ஒவ்வொரு தரமும் ஊத்தத் தேவையில்ல, வத்த வத்த சேர்த்துகிட்டா அதே தண்ணி பல தரத்துக்கு வரும், விறகு அடுப்புன்னா கேஸும் மிச்சம்.

எடுத்த கையோட குளிர்ந்த தண்ணிக்குள்ள போடணும், கொதிச்ச அதே அளவு நேரம். தண்ணி 15 டிகிரிக்கு கீழ இருக்கணும், விடியக்காத்தால பீலித் தண்ணி கை விறைக்க வரும்தான், ஆனாலும் ரெண்டு தட்டு ஐஸ் போட்டுருங்க, இலை விழ விழ தண்ணி சூடாகும்.

அப்புறம் கூடையில வடிய விட்டு கையால பிழிங்க. ஈரம் நின்னா அது ஐஸ் கட்டியாகி இலைய கொழகொழன்னு ஆக்கிரும். ஒரு நேர கறிக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் ஒரு பேக்ல போட்டு, தட்டையா அமுக்கி, காத்து எடுத்து மூடுங்க. நல்ல தடிப்பான சிப்லொக் பேக்தான் வேணும், கடை சொப்பின் பேக்குல காத்து போகும், மீன் வாடையும் ஏறும். தேதி எழுதுங்க. முதல் நாள் பேக்கெல்லாம் இடைவெளி விட்டு படுக்க வைங்க, இறுகினதும் புத்தகம் அடுக்குற மாதிரி நிமித்தி அடுக்கலாம். எல்லாத்தையும் ஒரே நாள்ல திணிக்காதீங்க, பிரீசர்ல ஒரு கன அடிக்கு 1 கிலோ போதும்.

மைனஸ் 18 டிகிரியில 8 மாசத்துல இருந்து 1 வருஷம் வரைக்கும் நல்லா இருக்கும். ஒத்தைக் கதவு பிரிஜ்ஜோட ஐஸ் பெட்டி அவ்வளவு குளிராது, அதுல வச்சா மாசத்துக்குள்ள முடிச்சிருங்க.

கரண்ட் போனா? 2022ல 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினப்போ எல்லாருக்கும் இதே பயம்தான். நிறைஞ்ச டீப் பிரீசர் மூடியிருந்தா 48 மணித்தியாலம் தாங்கும், பாதிதான் நிறைஞ்சிருந்தா 24. திறந்து திறந்து பார்க்காதீங்க. உள்ள ஐஸ் பொடி இன்னும் ஒட்டியிருந்தா திரும்ப உறைய விடலாம், ருசிதான் கொஞ்சம் குறையும்.

சமைக்கிறப்போ இளக வைக்காதீங்க, கட்டியாவே சட்டியில போடுங்க. பச்சைக் கீரையில வர்ற மொறுமொறுப்பு இதுல வராது, அதனால சாலட்டுக்கு ஆகாது. வெங்காயம், பச்சைமிளகாய், மாசி தாளிச்சு கீரைய போட்டு தண்ணி வத்தினதும் தேங்காய்ப்பூ தூவி இறக்கினா ரொட்டிக்கு சூப்பர். அந்த தண்டு பேக்கு பருப்புக்கு, பருப்பு பாதி வெந்ததும் போடுங்க.