குறைந்த பணத்தில் பழைய பிக்கப்: எஞ்சினைத் திறக்கும் முன் சேஸுக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

பழைய பிக்கப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குதுங்க?" என்பதைத்தான். முதலில் கேட்க வேண்டியது வேறு: "ஏனுங்ண்ணா, இந்த வண்டி இத்தனை நாளா என்ன லோடு அடிச்சுது?" ஒரே வருடத்தில் வந்த இரண்டு குட்டியானைகளில் (டாடா ஏஸ்) ஒன்று திருப்பூரில் பனியன் துணி ஏற்றியிருக்கும். இன்னொன்று கோடை முழுக்க 1000 லிட்டர் தண்ணீர் டேங்கைச் சுமந்திருக்கும். மீட்டர் இரண்டிலும் 80,000 காட்டலாம். வாங்கத் தகுந்தது ஒன்றுதான்.

2005-இல் வந்த டாடா ஏஸ் தாங்கும் பாரம் 750 கிலோ, அதாவது 15 சிமெண்ட் மூட்டை. 1000 லிட்டர் தண்ணீர் ஒரு டன், டேங்கின் எடை தனி. ஒவ்வொரு நடையும் மூன்றில் ஒரு பங்கு அதிக பாரம். டேங்க் பாதி காலியானதும் தண்ணீர் அலைமோதி, வளைவிலும் பிரேக்கிலும் சேஸை, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை, முறுக்கும். தேய்ந்த எஞ்சினை ஈரோட்டிலோ நாமக்கல்லிலோ நல்ல பட்டறையில் கொடுத்து சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்து கொள்ளலாம், செலவும் முன்கூட்டியே தெரியும். வளைந்த சேஸ் அப்படியல்ல. டயரைத் தின்னும், ஸ்டியரிங்கை இழுக்கும், தகுதிச் சான்றுக்கான எஃப்.சி.யில் மாட்டும், விற்கும்போதும் விலை போகாது.

லோடை வைத்தே எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். துணி அடித்த வண்டியில் பாரம் குறைவு. ஆனால் ஊருக்குள் நின்று நின்று போனதால் கிளட்ச் பிளேட்டும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் தேய்ந்திருக்கும். இரண்டும் மாற்றக்கூடியவை என்பதால் குறைந்த பணத்தில் வாங்குபவர் இப்படிப்பட்ட வண்டியைத்தான் முதலில் தேட வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் இளநீர் அடித்த வண்டி என்றால், ஒரு காய் 2 கிலோ என்று வைத்தாலும் 500 காய் ஒரு டன். பக்கப் பலகைக்கு மேலே கட்டி ஏற்றினார்களா என்று பாடியின் ஓரக் கம்பிகளே காட்டிக் கொடுக்கும், வெளிப்பக்கம் பிதுங்கியிருக்கும். பல்லடம், நாமக்கல் பக்கம் கோழி அடித்த வண்டியில் எச்சமும் கழுவிய தண்ணீரும் தரைத்தகட்டையும் அதைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளையும் அரிக்கும். பிரேக் பைப்பும் எர்த் வயரும்கூடத் தப்பாது. மேலே புதுத் தகடு அடித்திருந்தால் அடியில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்தது மொத்தென்று கேட்டுச் செதில் உதிரும். தாளவாடியிலிருந்து திம்பம் வழியாகக் காய்கறி இறக்கிய வண்டி 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக் பிடித்தே இறங்கியிருக்கும். அதில் பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். எம்-சாண்ட், ஹாலோ பிளாக், வார்ப்படம் சுமந்த சின்ன வண்டியை விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுவது நல்லது.

எந்த வண்டி என்பதை உங்கள் லோடுதான் சொல்ல வேண்டும். 700 கிலோவுக்குள், சந்து பொந்துக்குள் போகிற வேலை என்றால் ஏஸ் போதும். 702 சிசி இரண்டு சிலிண்டர் டீசல், பெரும்பாலான பட்டறைக்குப் பழகிய எஞ்சின். ஒரு டன்னை ஒட்டிய லோடுக்கு அசோக் லேலண்ட் தோஸ்த். 2011-இல் ஓசூரில் இருந்து வரத் தொடங்கியது, 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின். தோட்டத்துக்குள், மண் பாதையில், ஏற்றத்தில் போக வேண்டுமென்றால் 2.5 லிட்டர் எஞ்சின் கொண்ட பொலேரோ பிக்கப். பெயர் ஒன்றானாலும் பார அளவு மாடலுக்கு மாடல் வேறு. ஆர்.சி.யில் போட்டிருக்கும் மொத்த எடையைப் பாருங்கள். வண்டியும் பாரமும் சேர்ந்து 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை, தாண்டினால் வேண்டும். குறைந்த முதலீட்டில் தொடங்குபவருக்கு இது பெரிய வித்தியாசம். லைசென்ஸ் பற்றிய குழப்பம் இப்போது இல்லை. மொத்த எடை 7500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்தவை பிஎஸ்-6 புகை விதிப்படி செய்தவை. டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள டீசல் வண்டியைத் தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் புகைக்குழாய் தேவையான சூட்டுக்கு வராமல், கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும். ஊருக்குள் மட்டும் ஓடப் போகிறவர், குறைந்த பணத்தில் வாங்குபவர், 2017 முதல் 2020 வரை வந்த பிஎஸ்-4 வண்டியைப் பார்ப்பது சரி.

பணத்தை முழுவதும் வண்டிக்குப் போடக் கூடாது. கையில் 3 லட்சம் இருந்தால் வண்டிக்கு 2 லட்சத்து 40 ஆயிரம்தான் எல்லை. மீதி 60 ஆயிரம் டயர், பேட்டரி, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம், எஃப்.சி. வேலை ஆகியவற்றுக்கே போகும். எஃப்.சி.யை மட்டும் தனியாகக் கணக்குப் போடுங்கள். 8 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பின் வருடா வருடம். பெயிண்ட், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், லைட், பிரேக் என்று ஒவ்வொரு முறையும் கை கடிக்கும். இரண்டு மாதத்தில் எஃப்.சி. முடியும் வண்டியையும் நேற்று எஃப்.சி. எடுத்த வண்டியையும் ஒரே விலைக்குப் பேசாதீர்கள். 15 வயதைத் தாண்டிய வண்டிக்குக் கட்டணமே பல மடங்கு, அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

வண்டியைப் பார்க்க விடிகாலையில் போங்கள். பழைய வண்டி விற்றுத் தரும் கன்சல்டிங்காரரிடம் "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் கீழே படுங்கள். ஒரு பழைய சாக்கு, டார்ச், கம்பி பிரஷ், இஞ்ச் டேப் போதும். கேபினுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் சேஸைப் பாருங்கள், அதிக பாரத்தில் வளைவு முதலில் விழுவது அங்கேதான். அடுத்து பின் ஸ்பிரிங் பிராக்கெட்டைச் சுற்றி வெல்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி முழுக்கப் பழைய தூசி, சேஸில் ஒரு முழம் மட்டும் புதுக் கறுப்புப் பெயிண்ட் என்றால் கம்பி பிரஷால் தேய்த்தே பார்க்க வேண்டும். ஸ்பிரிங் பட்டைகளை எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததைவிட ஒன்றிரண்டு கூடுதலாகச் செருகியிருந்தால் அதிக லோடு அடித்த வண்டி என்று உடைமைக்காரர் சொல்லாமலே தெரிந்துவிடும். பட்டையைத் தடிப்பாக்கினால் பாரத்தைத் தாங்கும் வேலை சேஸுக்கும் ஆக்ஸிலுக்கும் போய்விடும். உடைவது அங்கேதான்.

முன் சக்கரங்களை நேராக வைத்து, முன் ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதி) மையத்திலிருந்து பின் ஹப்பின் மையம் வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஏஸுக்கு இந்த அளவு 2100 மி.மீ. இரு பக்கத்துக்கும் ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்பிரிங் பட்டைகளைப் பிணைக்கும் சென்டர் போல்ட் உடைந்து ஆக்ஸில் நகர்ந்திருக்கலாம், சரிசெய்துவிடலாம். அது நன்றாக இருந்தும் அளவு மாறினால் சேஸ்தான். பிறகு ஓட்டிப் பார்க்கும்போது ஒருவரைப் பைக்கில் பின்னால் வரச் சொல்லுங்கள். நேரான ரோட்டில் பின் சக்கரம் முன் சக்கரத் தடத்திலேயே வர வேண்டும். நண்டு போல ஒரு பக்கம் சாய்ந்து போனால் திரும்பி வந்துவிடுங்கள்.

முன் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், சின்னச் செலவு. நிற்காவிட்டால் கிங்பின் அல்லது பால் ஜாயிண்ட்.

இப்போது ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில நொடிகள் வரும் புகை போகட்டும், பிறகும் நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், டர்போ. சூடேறிய பிறகும் வெள்ளையாகத் தொடர்ந்து வந்து ரேடியேட்டர் தண்ணீர் குறைந்தால் ஹெட் கேஸ்கெட். ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த காபி நிறத்தில் பிசுக்கு இருந்தாலும் அதே நோய்தான். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து துவாரத்தின் மேல் வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. குதித்து விழுந்தாலோ புகை குப்குப்பென்று வந்தாலோ பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் ரிங் போய்விட்டது. அந்த வண்டியை எஞ்சின் வேலைச் செலவைக் கழித்த விலைக்குத்தான் கேட்க வேண்டும். தோஸ்தில் டர்போ ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விடுங்கள். ஈரப்பசை சகஜம், ஆயில் தேங்கியிருந்தால் டர்போ சீல் தேய்ந்திருக்கிறது.

காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பதில் பாதிப் பயன்தான். கிரவுன் (பின் ஆக்ஸிலில் இருக்கும் பல்சக்கரம்) சத்தம், கிளட்ச் வழுக்கல், சூடேறுவது மூன்றும் பாரத்தில்தான் வெளியே வரும். பத்து மணல் மூட்டையாவது ஏற்றி ஓர் ஏற்றத்துக்குக் கொண்டு போங்கள். திருச்செங்கோடு, சென்னிமலைப் பக்கம் இருப்பவர்களுக்கு மலைப்பாதையே சோதனைக் களம். மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதிக்கும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போய்விட்டது. இறக்கத்தில் காலை எடுத்தவுடன் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் கியர்பாக்ஸ் இறக்க வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் 'ஊஊ' என்ற இரைச்சல் வந்து, ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் சுரம் மாறினால் கிரவுன். மாறாமல் வேகத்தோடு மட்டும் கூடினால் வீல் பேரிங். கிளட்சை விடும்போது அடியில் 'டக்' என்று அடித்தால் யூனிவர்சல் ஜாயிண்ட் கிராஸ், அதற்காக வண்டியை விட வேண்டியதில்லை.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் ஆறேழு வருடம் கடந்த டயர் வெயில் காலத்தில் லோடோடு வெடிக்கலாம். விலை பேசும்போது நாலு டயர் காசைக் கழியுங்கள்.

வண்டி பிடித்துவிட்டால், டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் காகிதம். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் விவரம் தெரியும். இ-சலான் பக்கத்தில் அபராத பாக்கியைப் பாருங்கள், சாலை வரியும் பசுமை வரியும் எதுவரை கட்டியிருக்கிறது என்பதையும் பாருங்கள். சேஸ் நம்பரைப் பென்சில் டிரேஸ் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் நம்பர் மாறியிருந்து ஆர்.சி.யில் ஏறாமல் இருந்தால் விற்பவரே சரிசெய்து தரட்டும்.

நம் பக்கம் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. பதிவில் ஏறாமல், ஆர்.சி. புக்கை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுக்கும் வழக்கம் கொங்கில் உண்டு. செயலியில் 'ஃபைனான்ஸ் இல்லை' என்று வரும், ஆனால் ஒரிஜினல் ஆர்.சி. யாரோ ஒருவரின் பீரோவில் இருக்கும். "தொலைஞ்சு போச்சு, டூப்ளிகேட் எடுத்துத் தர்றோம்" என்றால் அவர்கள் எடுத்துக் கையில் கொடுக்கும் வரை ஒரு ரூபாயும் நகரக் கூடாது. பதிவில் ஏறிய ஃபைனான்ஸ் என்றால் படிவம் 35-ம் கம்பெனியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) வேண்டும். கடன் கட்டாததால் கம்பெனி பிடித்த சீசிங் வண்டியை ஏலத்தில் எடுப்பவர்கள், ஃபைனான்ஸ் கம்பெனி படிவம் 36 மூலம் ஆர்.சி.யைத் தன் பெயருக்கு மாற்றிவிட்டதா என்று கேளுங்கள். அங்கே ஓட்டிப் பார்க்கவும் விட மாட்டார்கள், முதல் வண்டி வாங்குபவருக்கு அது ஏற்ற இடமல்ல.

பாலக்காட்டுப் பக்கம் கேரளப் பதிவு வண்டி மலிவாகக் கிடைத்தால், படிவம் 28 என்.ஓ.சி., இங்கே புதுப் பதிவு, தமிழ்நாட்டு வரி மூன்றையும் கூட்டிய பிறகு மலிவுதானா என்று பாருங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மூன்று கை மாறிய 'கையெழுத்துப் போட்ட' படிவத்தை நம்பாதீர்கள். ஆன்லைனில் பதிவு உரிமையாளரின் கைபேசிக்கு ஓ.டி.பி. போகும், அவர் கிடைக்காவிட்டால் வேலை நின்றுவிடும். விற்பவர் இழுத்தடித்தால் ஒன்றைச் சொல்லுங்கள்: விபத்து நடந்தால் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அவரே ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வந்துவிடுவார். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். 10 சதவீதத்தையாவது பெயர் மாறும் வரை நிறுத்தி வைக்க ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். டெலிவரி ரசீதில் தேதியோடு மணியும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். காலை 11 மணிக்கு விழுந்த சலான் யாருடையது என்ற சண்டை அதனால் தீரும்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் முதல் லோடுக்கு முன் எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கிரவுன் ஆயில், கூலண்ட், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் எல்லாவற்றையும் மாற்றுங்கள், நாலு பிரேக்கையும் திறந்து சுத்தம் செய்யுங்கள். வடித்த கிரவுன் ஆயிலில் இரும்புத்தூள் மின்னுகிறதா என்று வெயிலில் பாருங்கள். முதல் 200 கிலோமீட்டர் பாதி லோடோடு ஓட்டி, ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ-போல்ட் நட்டுகளை மறுபடி முறுக்கிய பிறகு முழு லோடு ஏற்றுங்கள்.