சிற்றூர்க் கணினிகளுக்கு அரசு மானியம்: அமெரிக்க உள்ளாட்சிகள் கேட்டுப் பெறும் வழி

2019 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநிலத்தின் 22 உள்ளாட்சி அமைப்புகள் ஒரே நேரத்தில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீநிரல்) தாக்குதலில் முடங்கின. அவற்றில் பல, தம் கணினிப் பணிகளை ஒரே வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்த சிற்றூர்கள். இத்தகைய ஊர்களுக்கும் உதவும் வகையில் 2021 நவம்பரில் நிறைவேறிய உள்கட்டமைப்புச் சட்டம், 2022 முதல் 2025 வரையிலான நான்கு நிதியாண்டுகளுக்கு 100 கோடி டாலரை மாநில, உள்ளாட்சி இணையப் பாதுகாப்புக்கென ஒதுக்கியது. நிதி நிர்வாகத்தை நடுவண் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமாவும், தொழில்நுட்ப வழிகாட்டலை நடுவண் இணையப் பாதுகாப்பு முகமையான சிசாவும் கவனிக்கின்றன.

நகராட்சியோ கவுண்டியோ (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு) இந்த மானியத்துக்கு நடுவண் அரசிடம் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. பணம் மாநிலத்துக்கே வருகிறது. அதில் 80 சதவீதம் உள்ளாட்சிகளுக்கும், மொத்தத்தில் 25 சதவீதம் 50,000-க்கும் குறைவான மக்கள் வாழும் ஊரகப் பகுதிகளுக்கும் சென்றடைய வேண்டும். ஆகவே உங்கள் மாநிலத்தில் இதற்குப் பொறுப்பான முகமை எது, அது இப்போது எந்த நிதியாண்டின் பணத்தைப் பகிர்கிறது என்று முதலில் கேட்டறியுங்கள். ஆண்டுக்கு ஆண்டு நிபந்தனை மாறுவதால் இந்தக் கேள்வி முக்கியமானது.

அடுத்து, மாநிலத்தின் இணையப் பாதுகாப்புத் திட்ட ஆவணத்தை வாங்கிப் படியுங்கள். விண்ணப்பம் அதன் ஏதேனும் ஒரு நோக்கத்தோடு பொருந்த வேண்டும். "புதிய ஃபயர்வால் தேவை" என்று மட்டும் எழுதினால் அது கடைக்குக் கொடுக்கும் பட்டியலாகிவிடும். "எங்கள் 40 ஊழியர்களும் கடவுச்சொல்லை மட்டுமே கொண்டு மின்னஞ்சலுக்குள் நுழைகிறார்கள், ஆறு மாதத்தில் அனைவருக்கும் இரண்டாம் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குவோம், அதற்கு ஆகும் செலவு இது" என்று எழுதினால், குறை, தீர்வு, காலம், தொகை நான்கும் ஓரிடத்தில் வந்துவிடும். பல காரணிச் சரிபார்ப்பு, கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைச் சேமித்தல், குறியாக்கம், காப்பு நகல், ஆதரவு நின்றுபோன மென்பொருளை நீக்குதல், அரசு அமைப்புகளுக்கே உரிய டாட் கவ் (.gov) இணைய முகவரிக்கு மாறுதல் ஆகியவற்றை மானியத் திட்டமே வலியுறுத்துகிறது. பளபளப்பான கருவிகளைவிட இவற்றைக் கேட்பதே நல்லது என்பது என் கருத்து.

பலரும் தடுமாறுவது பங்குத்தொகைக் கணக்கில்தான். உள்ளாட்சி தன் பங்காக 2022-இல் 10 சதவீதமும், பின் 20, 30 என உயர்ந்து 2025-இல் 40 சதவீதமும் ஏற்க வேண்டியிருந்தது. இந்த விழுக்காடு மானியத்தின் மீதன்று, மொத்தத் திட்டச் செலவின் மீது கணக்கிடப்படுகிறது. மானியம் 60,000 டாலர் என்றால், 40 சதவீதப் பங்கு 24,000 அன்று. மொத்தச் செலவு 1,00,000 என்பதால் 40,000. பங்கைப் பணமாக மட்டுமின்றி, உரிய மதிப்புள்ள பொருளாகவோ சேவையாகவோ காட்டலாம். சில மாநிலங்கள் அதைத் தாமே ஏற்றுக்கொண்டதும் உண்டு. கேட்பதில் வெட்கப்பட வேண்டாம்.

ரான்சம்வேர் தாக்குபவர்கள் கேட்கும் மீட்புத்தொகை, இணையக் காப்பீட்டுத் தவணை, கட்டடப் பணி ஆகியவற்றுக்கு இந்தப் பணம் செல்லாது. ஏற்கெனவே உங்கள் பட்ஜெட்டில் உள்ள செலவுக்கு மாற்றாகவும் இதைக் காட்டக் கூடாது. நடுவண் அரசின் நிதி பெறும் அமைப்புகளுக்குத் தரப்படும், யூ.இ.ஐ. எனப்படும் 12 எழுத்து அடையாள எண்ணை முன்கூட்டியே பெறுங்கள். அது இலவசம், அதற்குக் கட்டணம் கேட்பவர்களிடம் போக வேண்டாம். மானியம் கிடைத்தபின் சிசாவின் இலவசப் பலவீனச் சோதனையில் சேர வேண்டும், ஆண்டுதோறும் தேசிய இணையப் பாதுகாப்புச் சுயமதிப்பீட்டையும் நிரப்ப வேண்டும்.

மாநிலம் பணத்துக்குப் பதிலாக மென்பொருள் உரிமமோ சேவையோ தர முன்வரலாம். அதற்கு உங்கள் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும். கையெழுத்திடும் முன், மானியக் காலம் முடிந்தபின் அந்த உரிமத்தின் ஆண்டுச் சந்தா எவ்வளவு என்று கேட்டு, அந்தத் தொகையை உங்கள் மன்றத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் அப்போதே சேர்க்கச் சொல்லுங்கள்.