காப்பீட்டுத் தாளை எந்த வாசலுக்கு எடுத்துப் போவது?

டெல்டாவில் ஒரு விவசாயி வீட்டு இரும்புப் பெட்டியைத் திறந்தால் இன்சூரன்ஸ் என்று பேர் சொல்லும் தாள் ஐந்தாறாவது தேறும். எல்.ஐ.சி. பாண்டு, தபால் ஆபீஸில் போட்ட கிராமிய ஆயுள் காப்பீடு, டிராக்டர் பாலிசி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, சம்பாவுக்கு சொசைட்டியில் கட்டிய ரசீது, நகைக்கடன் வாங்கப் போன இடத்தில் தலையில் கட்டிய ஒரு விபத்துப் பாலிசி. பேர் ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, மேலே உட்கார்ந்திருப்பவர் வேறு, புகார் வாங்கும் இடம் வேறு. தபால் பாலிசிக்கு ஹைதராபாத்துக்கு மனு போடுவதும், கிராம மகசூல் கணக்குக்காக ஏஜென்டைத் துரத்துவதும் நாள் வீணாகும் வேலை. முதலில் தாள்களைப் பிரித்து அடுக்குங்கள்.

ஒழுங்குமுறை ஆணையத்தின் கையில் இல்லாதவை

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. தலைமையகம் ஹைதராபாத். காப்பீடு எல்லாமே அதன் கீழ் வரும் என்று நினைப்பது தவறு. முதலில் ஒதுக்கி வைக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, அஞ்சல் ஆயுள் காப்பீடும் கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடும். முதலாவது 1884-லிருந்து நடக்கிறது, இரண்டாவது 1995-ல் வந்தது. இவற்றை நடத்துவது அஞ்சல் துறை. ஆணையத்தின் பதிவு எண் இந்தப் பாலிசிகளில் இருக்காது. முதிர்வுத் தொகை இழுத்தடித்தால் கணக்கு இருக்கும் தலைமை அஞ்சலகத்தில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நகராவிட்டால் அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளர். தொலைபேசியில் கேட்க 1800 266 6868.

இரண்டு, வங்கி டெபாசிட் காப்பீடு. இது ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் தருவது. ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் போட்ட பணத்துக்கு இது உண்டு. ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்ட டெபாசிட்டுக்குக் கிடையாது. இரண்டையும் 'சொசைட்டி பேங்க்' என்றே சொல்லிப் பழகிவிட்டதால் பலருக்கும் இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

மூன்று, அரசுத் திட்டங்கள். இதில் ஒரு முடிச்சு உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் தருவது ஆணையத்தில் பதிவான ஒரு காப்பீட்டு நிறுவனம்தான். ஆனால் யாருக்கு அட்டை, எந்த மருத்துவமனை, எந்தச் சிகிச்சை என்பதெல்லாம் மாநில அரசின் முடிவு. மருத்துவமனையில் பணம் கேட்கிறார்கள் என்றால் உடனே கூப்பிட வேண்டியது திட்டத்தின் 1800 425 3993. பயிர்க் காப்பீடும் இதே மாதிரிதான். அதற்குத் தனியாகவே வருவோம்.

மிச்சமுள்ள தாள்களில் இனம் பிரிப்பது

இப்போது பெட்டியில் இருப்பவை ஆணையத்தின் கீழ் வருபவை. காப்பீட்டுத் துறைக்கு அடிப்படைச் சட்டம் இன்றும் 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம்தான். 1956 செப்டம்பர் 1 அன்று ஆயுள் காப்பீடு மொத்தமும் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. 1973 ஜனவரி 1 முதல் 107 பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நான்காகச் சுருங்கின. சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா அந்த நான்கில் ஒன்று. 2000-க்குப் பிறகுதான் தனியார் மறுபடி உள்ளே வந்தார்கள்.

ஆணையம் நிறுவனங்களை நான்கு இனமாகப் பதிவு செய்கிறது: ஆயுள், பொது, மருத்துவம் மட்டும், மறுகாப்பீடு (காப்பீட்டு நிறுவனங்களுக்கே தரும் காப்பீடு). முதல் மூன்றுக்கும் குறைந்தபட்ச மூலதனம் 100 கோடி, மறுகாப்பீட்டுக்கு 200 கோடி. ஆயுள் காப்பீட்டை ஒரு நிறுவனமும் பொதுக் காப்பீட்டை அதே நிறுவனமும் விற்க முடியாது. அதனால்தான் எஸ்.பி.ஐ. லைஃப் வேறு, எஸ்.பி.ஐ. ஜெனரல் வேறு. வங்கிக் கிளையில் ஒரே மேசையில் இரண்டையும் விற்பார்கள். புகாரை மாற்றி அனுப்பினால் 'எங்களுடையது அல்ல' என்று பதில் வரும். விற்ற வங்கி வெறும் கார்ப்பரேட் ஏஜென்ட், இழப்பீடு தருவது அது அல்ல.

பொதுக் காப்பீட்டுக்குள் தீ, கடல்சார், இதர என்று மூன்று கிளை. அரிசி ஆலையும் நெல் குடோனும் தீ. நாகப்பட்டினத்து விசைப்படகு கடல்சார். டிராக்டர், கறவை மாடு, மருத்துவம் எல்லாம் இதர. தீ என்ற பெயரைப் பார்த்து வெள்ளத்துக்குக் கிடைக்காது என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. புயல், வெள்ளம் இரண்டும் அந்தப் பாலிசிக்குள்தான் வரும். சின்ன ஆலைக்கு, ஓர் இடத்தில் உள்ள கட்டடம், இயந்திரம், சரக்கு எல்லாம் சேர்ந்து 5 கோடிக்கு உட்பட்டால், 2021 ஏப்ரல் முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற ஒரே வாசகப் பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தந்தாக வேண்டும். சரக்கு மதிப்பைக் குறைத்துக் காட்டி பிரீமியத்தை மிச்சம் பிடிப்பது டெல்டா ஆலைகளில் பழைய பழக்கம். குறைவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள், தாண்டினால் அதே விகிதத்தில் இழப்பீடும் வெட்டப்படும். தை அறுவடையில் குடோன் நிரம்பியிருக்கும்போது உள்ள மதிப்பைத்தான் எழுத வேண்டும், ஆடி மாதத்து மதிப்பை அல்ல.

மாட்டுக்கு ஒரே விதி: காதில் தோடு (எண் போட்ட அடையாள வில்லை) இருக்க வேண்டும். தோடு விழுந்துவிட்டால் அன்றே தெரிவித்து மறுதோடு போடுங்கள். செத்த பிறகு சொல்லிப் பயனில்லை. டிராக்டருக்கு எடுத்த பாலிசி டிரெய்லருக்குத் தானாக வராது, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். நடவு ஆட்களை டிரெய்லரில் ஏற்றிப் போவதற்கு விவசாய டிராக்டர் பாலிசி காவல் இல்லை.

தாளில் எதைப் பார்ப்பது

முதல் பக்கத்தின் அடியிலோ கடைசிப் பக்கத்திலோ பொடி எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று நிறுவனத்தின் பதிவு எண். எல்.ஐ.சி.க்கு 512. இன்னொன்று அந்தத் திட்டத்தின் தனி அடையாள எண், யு.ஐ.என். என்பார்கள். ஆயுள் பாலிசியில் இதைப் படிப்பது சுலபம்: முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தின் பதிவு எண், அடுத்து ஓர் ஆங்கில எழுத்து, பிறகு திட்ட எண், கடைசியில் 'வி' போட்டுப் பதிப்பு எண். நடுவில் உள்ள எழுத்து 'என்' என்றால் பங்குச்சந்தையோடு கட்டாத பாலிசி. 'எல்' என்றால் யூலிப், பணம் சந்தையில் ஏறி இறங்கும். 'ஃபிக்சட் டெபாசிட் மாதிரிதான்' என்று சொல்லி விற்ற தாளில் 'எல்' இருந்தால் சொன்னதும் விற்றதும் வேறு என்று தெரிந்துகொள்ளுங்கள். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

முதலில் ஒதுக்கி வைத்த மூன்றையும் தவிர, இரண்டு எண்ணும் இல்லாத தாள் காப்பீடே அல்ல. சீட்டு நிறுவனமோ நிதி நிறுவனமோ அச்சடித்த 'பாதுகாப்புப் பத்திரம்' எவ்வளவு பளபளவென்று இருந்தாலும் அதற்குப் பின்னால் ஆணையம் இல்லை. எண் இருந்தால் ஆணையத்தின் இணையதளத்தில் பதிவான நிறுவனங்களின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஆணையம் யாருக்கும் பாலிசி விற்காது, போனஸ் தருவதாகப் போன் செய்யாது. அப்படி வரும் அழைப்பு மோசடி.

நிறுவனத்தின் தெம்பைப் பார்க்க, தர வேண்டியதைத் தரும் அளவுக்குக் கையிருப்பு இருக்கிறதா என்று காட்டும் கடன்தீர் விகிதம் என்று ஒன்று உண்டு. 1.5-க்குக் குறையக் கூடாது என்பது விதி. ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். அரசு நிறுவனம் என்பதாலேயே இது தேறிவிடாது, கோட்டுக்குக் கீழே போன அரசு நிறுவனங்கள் உண்டு. இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசி பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அதற்குப் பிறகு வந்த ரசீதில் 18 சதவீதம் சேர்த்திருந்தால் கேளுங்கள்.

பயிர்க் காப்பீடு: தனி உலகம்

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 காரிஃப் (குறுவை) பருவத்திலிருந்து நடக்கிறது. விதியை எழுதுவது மத்திய வேளாண் அமைச்சகம். எந்த ஊர், எந்தப் பயிர், எந்த நிறுவனம் என்று அறிவிப்பது மாநில அரசு. மகசூலை அளப்பது அரசு அலுவலர்கள். நிறுவனம் கடைசியில்தான் வருகிறது. ஆகவே ஆணையத்திடம் போய் 'என் ஊருக்கு ஏன் குறைந்த தொகை' என்று கேட்டால் விடை கிடைக்காது.

விவசாயி பங்கு குறுவைக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், சம்பாவுக்கு 1.5 சதவீதம். ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சம்பாவுக்கு 540 ரூபாய். மீதி பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. சம்பாவுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. நீட்டிப்பார்கள் என்று காத்திருப்பது சூதாட்டம். அந்த வாரம்தான் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் கூட்டம் நெரியும், மழையும் பிடித்துக்கொள்ளும், இணையமும் சுற்றிக்கொண்டே நிற்கும். ஐப்பசி பிறந்ததுமே, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. தரும் அடங்கலை வாங்கிவிடுங்கள்.

அடங்கல் நடப்புப் பசலிக்கு (ஜூலையில் தொடங்கும் வருவாய்த் துறை ஆண்டு) உரியதாக இருக்க வேண்டும். ஜூலைக்குப் பிறகு என்றால் ஆங்கில ஆண்டில் 590-ஐக் கழித்தால் பசலி வரும்: 2025 நவம்பரில் பசலி 1435. பதிவு செய்த ரசீதை வாங்கிக்கொண்டு அப்படியே கிளம்பிவிடாதீர்கள், இ-சேவை மையத்து நாற்காலியில் உட்கார்ந்தே ஐந்து விஷயம் பாருங்கள். வருவாய் கிராமத்தின் பேர் (ஊராட்சிப் பேர் அல்ல, இரண்டும் பல இடத்தில் வேறு), சர்வே எண்ணும் உட்பிரிவும், ஏக்கர் அளவு, ஆதாரில் உள்ளபடி பேர், வங்கிக் கணக்கு எண். பக்கத்துக் கிராமத்தின் பேர் விழுந்துவிட்டால் உங்களுக்கு அந்த ஊர் மகசூல்தான் கணக்கு. கோயில் நிலம், மடத்து நிலம் குத்தகைக்கு ஓட்டுகிறவர்கள் சாகுபடி செய்வது தாங்கள்தான் என்று அடங்கலில் பேர் ஏறியிருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரே சர்வே எண்ணுக்கு நிலத்துக்காரரும் குத்தகைக்காரரும் தனித்தனியாகக் கட்டினால் இருவர் விண்ணப்பமும் சிக்கலில் மாட்டும்.

இழப்பீடு எப்படி வருகிறது என்பதைக் கணக்கோடு பார்த்தால்தான் புரியும். கடந்த ஏழு ஆண்டு கிராம மகசூலில் நல்ல ஐந்து ஆண்டை எடுத்துச் சராசரி காண்பார்கள். ஏக்கருக்குக் கிலோவில் 2100, 1900, 2300, 900, 2200, 1400, 2000 என்று வைப்போம். 900-ம் 1400-ம் போக மிச்சத்தின் சராசரி 2100. உத்தரவாத அளவு 80 சதவீதம் என்றால் உத்தரவாத மகசூல் 1680. இந்த ஆண்டு கிராமத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனையில் வந்தது 1260 என்றால் குறைவு 420, அதாவது 1680-ல் 25 சதவீதம். 36,000-க்கு 25 சதவீதம், ஏக்கருக்கு 9,000 ரூபாய். கிராமச் சராசரி 1680-ஐத் தொட்டுவிட்டால், உங்கள் வயல் வடிகாலை ஒட்டிய பள்ளத்தில் மொத்தமாக அழுகியிருந்தாலும், இந்தக் கணக்கில் ஒரு ரூபாய் வராது. 'பக்கத்து ஊருக்கு வந்தது, எங்களுக்கு வரவில்லை' என்ற புகாரில் பாதிக்குக் காரணம் இதுதான். மீதிக்குக் காரணம் பரிசோதனை நடந்த விதம்.

அதனால் அந்தப் பரிசோதனையைத்தான் கண்காணிக்க வேண்டும். கிராமத்துக்கு நான்கு இடம், ஒவ்வொன்றும் 5 மீட்டருக்கு 5 மீட்டர். எந்தச் சர்வே எண் என்று முன்கூட்டியே குறித்திருப்பார்கள். வேளாண் உதவி அலுவலரிடம் தேதி கேட்டு, நான்கைந்து பேர் போய் நில்லுங்கள். குறித்த வயலை விட்டு மேட்டு வயலில் அறுத்தாலோ, ஈர நெல்லை அப்படியே நிறுத்தாலோ அங்கேயே எழுதிக் கொடுங்கள். பத்து மாதம் கழித்து மறியல் செய்வதைவிட இது பலன் தரும்.

வயலில் தண்ணீர் நின்றதற்குத் தனிப்பட்ட இழப்பீடு நெல்லுக்கு 2018-ல் நீக்கப்பட்டது. 2026 காரிஃப் பருவத்திலிருந்து மறுபடி சேர்ப்பதாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது. உங்கள் மாவட்ட அறிவிக்கையில் அது இருக்கிறதா என்று வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இருந்தால் 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ 14447 எண்ணிலோ தெரிவித்தாக வேண்டும். கரண்ட் இல்லை, டவர் இல்லை என்ற சமாதானம் எடுபடாது. தகராறு என்றால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குறைதீர்ப்புக் குழு.

பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னைக்கு வழி வேறு. தென்னை வளர்ச்சி வாரியத்தின் திட்டத்தில் 4 முதல் 15 வயது மரத்துக்கு 900 ரூபாய்க் காப்பு, ஆண்டு பிரீமியம் 9 ரூபாய். 16 முதல் 60 வயது மரத்துக்கு 1,750 ரூபாய்க் காப்பு, பிரீமியம் 14. அதிலும் பாதியை வாரியமும் கால் பங்கை மாநில அரசும் ஏற்க, மிச்சக் கால் பங்குதான் தோப்புக்காரருக்கு. 2018 கஜாவில் சாய்ந்த தோப்புகளை நினைத்தால் மரத்துக்கு மூன்றரை ரூபாய் பெரிதாகத் தெரியாது.

புகார் படிகள்

ஆயுள், பொது, மருத்துவம் மூன்றுக்கும் படி ஒன்றே. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். ஏஜென்டிடம் சொன்னது கணக்கில் வராது. இரண்டு வாரத்தில் சரியான பதில் இல்லையென்றால் ஆணையத்தின் பீமா பரோசா இணையதளம், அல்லது 155255. ஆணையம் அந்தப் புகாரை நிறுவனத்திடம் தள்ளிப் பதில் வாங்கித் தரும், கிளைமை அதுவே தீர்ப்பு சொல்லாது. இதைத் தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய.

தீர்ப்பு வேண்டுமென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், சென்னை அண்ணா சாலை. தமிழ்நாடு, புதுச்சேரி நகரம், காரைக்கால் மூன்றும் இவர் எல்லை. நிறுவனம் மறுத்த பிறகோ, ஒரு மாதம் பதில் வராத பிறகோ போகலாம். மறுப்புக் கடிதத்திலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். தொகை 50 லட்சம் வரை. கட்டணம் இல்லை, வக்கீலுக்கும் இடமில்லை. அதே விவகாரம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ நிலுவையில் இருந்தால் எடுக்க மாட்டார்கள்.

மனுவோடு மறுப்புக் கடிதத்தின் நகல் அவசியம். அதில் எந்த நிபந்தனை எண்ணின்படி மறுத்தார்கள் என்பதை அடிக்கோடிட்டு, பாலிசியில் அந்த நிபந்தனை உள்ள பக்கத்தையும் சேருங்கள். ஆயுள் பாலிசியில் 'நோயை மறைத்தார்' என்று மறுத்திருந்தால் தேதியைக் கணக்குப் பாருங்கள்: 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவின்படி, பாலிசி தொடங்கியோ, காலாவதியானதைப் புதுப்பித்தோ மூன்று ஆண்டு முடிந்த பிறகு எந்தக் காரணம் சொல்லியும் அதைக் கேள்வி கேட்க முடியாது. குறைதீர்ப்பாளரின் உத்தரவை 30 நாளுக்குள் நிறுவனம் நிறைவேற்ற வேண்டும். அது நிறுவனத்தைத்தான் கட்டும், உங்களை அல்ல. திருப்தி இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே இரண்டு ஆண்டுக் கெடு.