ஹைட்ரஜன் கோடுகளில் வெப்பநிலை பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹைட்ரஜன் வாயுவின் நிறமாலைக் கோடுகளின் செறிவை ஒப்பிட்டு அதன் வெப்பநிலையைக் கணக்கிடும்போது, பாளையங்கோட்டையில் என்னிடம் ப்ராஜெக்ட்டுக்கு வரும் எம்.எஸ்சி. பிள்ளைகள் இந்த வருஷமும் அதே இடத்தில்தான் சறுக்கினார்கள். நானும் அங்கே விழுந்தவன். அலகு மாறிப்போவது, கோட்டுக்குத் தப்பாகப் பெயர் வைப்பது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும், அவற்றை விடுகிறேன்.

ஒற்றையையும் இரட்டையையும் ஒரே கணக்கில் சேர்ப்பது

ஹைட்ரஜன் மூலக்கூறின் சுழற்சி நிலைகள் 0, 1, 2, 3 என்று ஏறும். இரட்டைப்படை நிலைகள் பாரா, ஒற்றைப்படை நிலைகள் ஆர்த்தோ. அறை வெப்பநிலையில் ஆர்த்தோ மூன்று பங்கு, பாரா ஒரு பங்கு.

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது வாயுவைத் திரவ நைட்ரஜனில் 77 கெல்வினுக்குக் குளிர்வித்து, வாயுவில் பட்டுச் சிதறும் ஒளியின் ராமன் நிறமாலையில் எஸ்(0), எஸ்(1) கோடுகளை ஒப்பிட்டேன். அடைப்புக்குள் இருப்பது, கோட்டைத் தரும் மூலக்கூறு முதலில் இருந்த சுழற்சி நிலையின் எண். கணக்கு 155 கெல்வின் என்றது. கலனில்தான் கோளாறு என்று அதைக் கழற்றி மாட்டியதிலேயே மூன்று வாரம் போயிற்று. கலனில் ஒரு குறையும் இல்லை.

77 கெல்வின் சமநிலையில் ஆர்த்தோவும் பாராவும் ஏறக்குறையப் பாதிப்பாதி. ஆனால் ஒன்று மற்றொன்றாக மாற, அணுக்கருவின் தற்சுழற்சி திரும்ப வேண்டும். சாதாரண மோதல் அதைத் திருப்பாது. இரும்பு ஆக்சைடு, கரி போன்ற வினையூக்கி இல்லாவிட்டால் அறை வெப்பநிலையின் பழைய மூன்றுக்கு ஒன்று நாள்கணக்கில் அப்படியே நிற்கும். என் கணக்கோ சமநிலை வந்துவிட்டதாக நம்பியது. 1929-இல் வேதியியலாளர்கள் போன்ஹோஃபரும் ஹார்டெக்கும் பாராவைத் தனியே எடுத்ததும் கரியை வைத்துத்தான்.

நம் பக்கத்துக் குளங்களை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மடை இல்லாத இரண்டு குளங்கள் தத்தமக்குள்தான் மட்டம் சமமாகும். ஆர்த்தோவும் பாராவும் அப்படித்தான். எஸ்(0)-வை எஸ்(2)-வோடு ஒப்பிடுங்கள், எஸ்(1)-ஐ எஸ்(3)-வோடு. 77 கெல்வினில் 0-ஆம் நிலையில் ஆயிரம் மூலக்கூறு இருந்தால் 2-ஆம் நிலையில் ஏழுதான் இருக்கும். எஸ்(2) அவ்வளவு மங்கல். அதனால்தான் பக்கத்திலேயே பளிச்சென்று தெரியும் எஸ்(1) மேல் கை போகிறது. பொறுமையாக நெடுநேரம் பதிவு செய்யுங்கள்.

சூடேற்றினால் எல்லாக் கோடும் ஓங்கும் என்பது

ஓங்காது. மூலக்கூறுகள் மேல் நிலைகளுக்குப் போய்விடுவதால் எஸ்(3), எஸ்(4) ஏற, எஸ்(0), எஸ்(1) இறங்கும்.

கோட்டின் செறிவையே மூலக்கூறு எண்ணிக்கையாக எடுப்பது

ஒரே எண்ணிக்கை மூலக்கூறுக்கு எஸ்(0)-வின் வலிமை 1 என்றால் எஸ்(1)-க்கு 0.6. செறிவை இந்த வலிமையால் வகுத்த பிறகு ஒப்பிடுங்கள்.

கருவியின் உணர்திறன்

கருவி எந்த அலைநீளத்தை எவ்வளவு பதிகிறது என்று முதல் நாளே அளந்துவிடுங்கள்.

மின்னிறக்கக் குழாயில் வரும் எண்ணை அப்படியே நம்புவது

சிவப்பில் 600 முதல் 640 நானோமீட்டர் வரை வரும் ஃபுல்ச்சர் பட்டை கிளர்ந்த நிலையிலிருந்து வருவது. அந்த நிலையின் சுழற்சி மாறிலி, அதாவது சுழற்சி நிலைகளின் ஆற்றல் இடைவெளியைச் சொல்லும் எண், கிளர்ச்சியில்லாத தரைநிலையினதில் ஏறக்குறையப் பாதி. அதனால் கிடைக்கும் வெப்பநிலையைச் சுமார் இரண்டால் பெருக்கினால்தான் வாயுவின் வெப்பநிலை வரும். போன மாதம் ஒரு பிள்ளை 250 கெல்வின் என்று எழுதிக்கொண்டுவந்தாள். குழாயோ கைவைக்க முடியாத சூட்டில் இருந்தது.