பழைய 4164 ராம் சிப்பைச் சோதிக்க ஒரு ஆர்டுயினோ நானோ போதும்

1982இல் வந்த கமடோர் 64 கணினியின் ஆரம்பகாலப் போர்டைத் திறந்தால், 4164 என்று எண் போட்ட எட்டு ராம் சிப்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒன்றுக்கு 65,536 பிட். எட்டும் சேர்ந்து 64 கிலோபைட். அதில் ஒன்று செத்தாலே மொத்தத் திரையும் கறுத்துவிடலாம். எது செத்தது என்று ஒவ்வொன்றாக மாற்றி மாட்டிக்கொண்டிருப்பதற்குப் பதில், ஒரு சோதிப்பானைச் செய்துவிடுவோம்.

வேண்டியவை: ஆர்டுயினோ நானோ (புரோகிராம் ஏற்றக்கூடிய சின்னக் கட்டுப்பாட்டுப் போர்டு), பிரெட்போர்டு, 16 கால் சாக்கெட், 104 என்று அச்சிட்ட கெப்பாசிட்டர் ஒன்று, ஜம்பர் வயர்கள்.

முதலில் மின்சாரம். இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். 16 கால் சிப் என்றால் 16ஆவது காலில் 5 வோல்ட், 8ஆவதில் கிரவுண்ட் என்று கை தானாகப் போகும். 4164இல் அது தலைகீழ்: 8இல் 5 வோல்ட், 16இல் கிரவுண்ட். என் முதல் சிப் அப்படித்தான் சுட்டுப் போனது. கெப்பாசிட்டரை இந்த இரண்டு கால்களுக்கும் நடுவே, சிப்பை ஒட்டியே வையுங்கள்.

அடுத்து முகவரிக் கம்பிகள். நானோவின் டி0 முதல் டி7 வரை எட்டுப் பின்களை சிப்பின் 5, 6, 7, 9, 10, 11, 12, 13 கால்களுக்குக் கொடுங்கள். எந்த வரிசையில் கொடுத்தாலும் பரவாயில்லை. எழுதும்போதும் படிக்கும்போதும் அதே கம்பிகள்தானே. ஒவ்வொரு பிட்டுக்கும் தனி முகவரி இருந்தால் சரி. டி0, டி1 இரண்டும் சீரியலுக்கானவை என்பதால் சீரியல் மானிட்டர் கிடைக்காது. முடிவை டி13இல் இருக்கும் எல்இடியே சொல்லட்டும்.

மீதி ஐந்து: டி8 – 2ஆம் கால், டேட்டா உள்ளே. டி9 – 3, ரைட் எனேபிள் (எழுதச் சொல்லும் கால்). டி10 – 4, ராஸ் (முகவரிக் கம்பிகளில் இருப்பதை வரிசை எண்ணாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் கால்). டி11 – 15, காஸ் (அதே கம்பிகளில் இருப்பதை நெடுவரிசை எண்ணாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் கால்). டி12 – 14, டேட்டா வெளியே. இதை புல்-அப் இன்புட்டாக (எதுவும் இணையாதபோது 1 என்று படிக்கும் இன்புட்) வையுங்கள்.

இனி புரோகிராம். ராஸ், காஸ், ரைட் எனேபிள் மூன்றும் சும்மா இருக்கும்போது ஹையில் (5 வோல்ட்டில்) இருக்க வேண்டும்; லோ என்றால் 0 வோல்ட். வரிசை எண்ணை வைத்து ராஸை லோ ஆக்குங்கள். அப்புறம் நெடுவரிசை எண்ணை வைத்து காஸை லோ ஆக்குங்கள். எழுதுவதானால், காஸுக்கு முன்பே டேட்டாவை வைத்து ரைட் எனேபிளையும் லோ ஆக்கிவிட வேண்டும். படிப்பதானால், காஸ் இறங்கியபின் நான்கைந்து நாப் (எதுவும் செய்யாமல் சற்றுக் காக்கவைக்கும் கட்டளை) கழித்துப் படியுங்கள். அவசரப்பட்டால் நல்ல சிப்பும் கெட்டதாகத் தெரியும்.

4164 டைனமிக் ராம் வகை; அதற்கு மறதி அதிகம். 256 வரிசைகளையும் 4 மில்லிநொடிக்குள் ஒருமுறையாவது தொட வேண்டும். ஒரு பின்னை ஹை அல்லது லோ ஆக்கும் டிஜிட்டல்ரைட் கட்டளை ஒன்றுக்கே சுமார் 4 மைக்ரோநொடி பிடிக்கும்; ஒரு பிட்டுக்கு இருபது தடவை அழைத்தால் 256 வரிசைக்கு 20 மில்லிநொடி ஆகிவிடும். அதனால் முகவரியை போர்ட்-டியில் (டி0–டி7 எட்டையும் ஒரே அடியில் மாற்றும் ரெஜிஸ்டர்) ஒரே வரியில் எழுதுங்கள். முகவரிகளை டி0–டி7இல் அடுக்கியதே இதற்குத்தான். லூப்பில் வரிசை எண் உள்ளேயும் நெடுவரிசை எண் வெளியேயும் இருக்கட்டும். அப்படியானால் சோதனையே ரிஃப்ரெஷ் வேலையையும், அதாவது மறக்கும் முன் வரிசைகளைத் தொடுவதையும், பார்த்துக்கொள்ளும். சோதனை முடியும்வரை இண்டரப்டை (நானோவின் வேலைக்கு நடுவே புகும் குறுக்கீட்டை) நிறுத்துங்கள். எல்இடி மினுக்கும் முன் மறுபடி இயக்காவிட்டால் டிலே (காத்திருக்கும் கட்டளை) நகராது.

எல்லாவற்றிலும் 0 எழுதிப் படித்து, பிறகு 1 எழுதிப் படித்தால் போதாதா? போதாது. ஒரு முகவரிக் கால் உள்ளே அறுந்து, இரண்டு முகவரிகள் ஒரே பிட்டைக் காட்டினாலும் அந்தச் சோதனை பாஸ் ஆகிவிடும். எனவே முதலில் எல்லாவற்றிலும் 0 எழுதுங்கள். பிறகு கீழிருந்து மேலாக, ஒவ்வொன்றிலும் 0 இருக்கிறதா பார்த்து உடனே 1 எழுதுங்கள். அடுத்து மேலிருந்து கீழாக, 1 இருக்கிறதா பார்த்து 0 எழுதுங்கள். எங்காவது பிசகினால் எல்இடி வேகமாக மினுக்கட்டும். எல்லாம் சரியென்றால் நிலையாக எரியட்டும். ஓரிரு நொடி வேலை.

சிப் வைக்காமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். காலி சாக்கெட்டுக்கு மினுக்கத்தான் வேண்டும். நிலையாக எரிந்தால் கோளாறு உங்கள் புரோகிராமில்.

இதைவிடப் பெரிய 41256 ராம் சிப்பையும் சோதிக்க ஆசையென்றால், அதன் முதல் காலை நானோவின் ஏ0 பின்னுக்குக் கொடுத்து ஒன்பதாவது முகவரியாகச் சேர்த்துக்கொள்ளலாம். 4116 என்ற ராம் சிப்பை மட்டும் இந்த சாக்கெட்டில் வைக்காதீர்கள். அதுவும் 16 கால்தான், ஆனால் 5 வோல்ட்டோடு 12 வோல்ட்டும் மைனஸ் 5 வோல்ட்டும் கேட்கும்.